உசுரோட இருக்குறதுக்குக் கருமாதி

வாடா பேராண்டி, இப்படி உக்காரு. காபி குடிச்சியா? குடிச்சிருப்ப. போகி அன்னிக்கு விடியக்காலம் நாலு மணிக்கே எந்திரிச்சு, வீட்டுல இருக்குற பழசையெல்லாம் வாசல்ல குமிச்ச பாரு, அந்தச் சுறுசுறுப்புக்கு இன்னொரு தம்ளர்கூடக் கொடுக்கலாம். கிழிஞ்ச பாய் ஒண்ணு. ஓட்டை முறம் ஒண்ணு. 2019 காலண்டர் ஒண்ணு. உங்க அப்பாயி நாலு நாளா தேடிக்கிட்டிருந்த தென்னமாறு ஒண்ணு. அதுக்கெல்லாம் மேல, தேர்க்கலசம் மாதிரி, என்னோட ஹெட்போன். உங்க அப்பாயி அந்தக் குமியலைப் பாத்தா. அப்புறம் திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தா. நான் ஒண்ணும் பேசல, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிட்டேன்.

நெருப்பு வைக்கிறதுக்குள்ள அதை உருவிக்கிட்டு வந்துட்டேன். "அது டெட்டு தாத்தா, நாலாயிரத்துக்குப் புதுசு ஆர்டர் போட்டிருக்கேன்"னு சொன்ன. ரொம்ப சந்தோஷம்பா. சம்பாதிக்கிற பிள்ளை செலவு பண்ணத்தான் வேணும். ஆனா செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா? நாடி பிடிச்சுப் பாத்தியா? "காதுல வச்சேன், சத்தம் வரல"ங்குற. உங்க சித்தப்பனை அவன் பத்தாவது படிக்கிறப்ப நூறு தரம் கூப்பிட்டாலும் சத்தம் வராது. கருமாதியா பண்ணிட்டோம்?

நீ படிச்சது வேற எலக்ட்ரிக்கல் இஞ்சினியரிங். வல்லத்துப் பக்கம் நாலு வருஷம் காலேஜு பஸ்ஸுல போய்ட்டு வந்த. அதனால உனக்குத் தெரியாததை நான் சொல்லப்போறதில்ல. தெரிஞ்சதை மறந்துட்டியோன்னுதான் கேக்குறேன்.

மாட்டுக்கொட்டாயில பேட்டரி ஸ்பிரேயர் தொங்குது பாரு. அதுக்குள்ள ஒரு 12 வோல்ட் பேட்டரி. ரெண்டு மூணு சாகுபடி பாத்தா அது படுத்துடும். உடனே டேங்கு, குழாய், நாசில் அத்தனையையும் தூக்கி வாய்க்கால்ல வீசிட்டு, "ஸ்பிரேயர் டெட்டு"ன்னு எவனாவது சொல்றானா? பேட்டரியை மட்டும் மாத்திட்டு மறுநாளே மருந்தடிக்கப் போயிடுறான். அவன் ஒம்போதாவது தாண்டாதவன். நீ அரியர் இல்லாம பாஸ் பண்ணுனவன். அந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

இந்த ஹெட்போன் உங்க அப்பன் சிங்கப்பூர்லேருந்து வந்த முதல் தடவை கொண்டாந்தது. ஒயர் கிடையாது. டி.வி. பக்கத்துல ஒரு ஸ்டாண்டு, அதுலேருந்து சத்தம் காத்துல வரும். அட்டைப்பெட்டியில நூறு மீட்டர்னு போட்டிருந்தான். நான் அதை நம்பி காதுல மாட்டிக்கிட்டே நடந்தேன். களம் வரைக்கும் கேட்டுச்சு, வரப்புல கால் வச்சதும் கொர்ருன்னுச்சு. திரும்பிக் களத்துக்கு வந்தா சரியாயிடுச்சு. நாலு தரம் அப்படியே போய் வந்தேன். அடுத்த வீட்டுக்காரன் எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான்.

எனக்கு எதுக்கு இதுமேல இவ்வளவு ஆசைன்னு கேப்ப. காதால பொழச்ச ஊருடா இது. 1960-கள்ல திருச்சி ரேடியோவுல விவசாய நிகழ்ச்சி போடுவான். ஆடுதுறைப் பண்ணையில புதுசா ஒரு குறுவை நெல்லு கண்டுபிடிச்சாங்க, ஏ.டி.டி. 27. ஒரு பக்கம் ஜப்பான் நெல்லு நோரின் 10, இன்னொரு பக்கம் நம்ம ஊரு ஜி.இ.பி. 24, ரெண்டையும் ஒட்டவச்சு எடுத்தது. தஞ்சாவூர் ஜில்லாவே அதை ரேடியோவுல கேட்டுத்தான் விதைச்சுச்சு. கடையில போயி ஏ.டி.டி. 27 கொடுன்னு யாரும் கேக்கல. "ரேடியோ நெல்லு இருக்கா?"ன்னுதான் கேட்டாங்க. அதுக்குப் பேரே அப்படி நின்னுபோச்சு. நெல்லுக்கு ரேடியோன்னு பேரு வச்ச சனத்தைப் பாத்து, ஹெட்போனைக் கொளுத்துங்குற.

எங்க அப்பாரு ஒரு டிரான்சிஸ்டர் வச்சிருந்தார், தோல் உறை போட்டது. நாலு பேட்டரி கட்டை போடணும். சத்தம் நசுங்க ஆரம்பிச்சா புதுசு வாங்க மாட்டார். கட்டையை உருவி வெயில்ல காயவைப்பார். முற்றத்துல நெல்லு ஒரு பக்கம், மிளகா ஒரு பக்கம், பேட்டரி கட்டை ஒரு பக்கம். காக்கா விரட்டுறது என் வேலை. எந்தக் காக்காய்க்கு பேட்டரி வேணும்னு ஒருநாள் கேட்டேன், முதுகுல ஒண்ணு வச்சார். சூடு பட்டா உள்ள இருக்குற மருந்து கொஞ்சம் உசும்பும், ராத்திரி செய்தி முடியுற வரைக்கும் தாங்கும். அது தூக்கிப்போடுற கட்டைக்கான வைத்தியம். சார்ஜ் ஏத்துற செல்லை அப்படி வெயில்ல போட்டா இருக்குற உசுரும் போயிடும். இதை ஏன் சொல்றேன்னா, நீ போன பிறகு உங்க அப்பாயி வடகத்தோட சேத்து அதையும் காயப்போட்டுடுவா.

சரி, ஹெட்போனை எடு. காது மெத்தையைப் பிடிச்சு இடது பக்கமாத் திருகு. பயப்படாத, கழுத்தைத் திருகச் சொல்லல. வந்துடுச்சா? உள்ள பாரு, சுண்டுவிரல் மொத்தத்துல ஒரு செல்லு, ரிமோட்டுல போடுற அதே சைஸு. அந்தப் பக்கக் காதுலயும் ஒண்ணு. இவ்வளவுதான் சமாச்சாரம். செத்தது இந்த ரெண்டு பேரு. மத்ததெல்லாம், காந்தம், சவ்வு, உள்ள இருக்குற பலகை, அத்தனையும் கல்லு மாதிரி இருக்கு.

இவங்க எப்படிச் செத்தாங்கன்னு கேளு. கேட்டா சிரிப்ப. நான் தினம் ராத்திரி ஹெட்போனைக் கொண்டுபோய் ஸ்டாண்டுல மாட்டிடுவேன். அது பாட்டுக்கு சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கும். இப்ப வர்ற சார்ஜருக்கு வயிறு ரொம்பினது தெரியும், நிறுத்திடும். அந்தக் காலத்து ஸ்டாண்டுக்கு அந்த ரோசம் கிடையாது. சொட்டுச் சொட்டா ஊத்திக்கிட்டே இருக்கும். ரொம்பின செல்லு அதை வாங்கி என்ன பண்ணும்? சூடாக்கும். உள்ள ஒரு ஈரம் இருக்கு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த தண்ணி. அது சூட்டுல கொஞ்சங்கொஞ்சமா ஆவியாப் போயிடும். ஈரம் வத்துனா மின்சாரம் நடக்க வழி இல்ல. தண்ணி பாய்ச்சப் பாய்ச்சக் காயுற வயலு உலகத்துலேயே இது ஒண்ணுதான்.

நெல்லுக்குச் சொல்றோமே காய்ச்சலும் பாய்ச்சலும்னு, இந்த நிக்கல் செல்லுக்கும் அதேதான். பாதி கேட்டுட்டு மாட்டாத. நல்லாக் கேட்டு, சத்தம் மங்குறப்ப கொண்டுபோய் ஏத்து. ஏறினதும் எடுத்துடு. எனக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் வந்திருக்கும்.

மீட்டர் வச்சுப் பாத்தா 1.2 வோல்ட் காட்டுதேங்குறியா? காட்டும்பா. திண்ணையில உக்காந்து பேசுறப்ப எல்லாப் பயலும் பயில்வான்தான். மூட்டையைத் தூக்குடான்னு சொன்னாத்தான் இடுப்பு தெரியும். ஒரு சின்ன டார்ச் பல்பைச் செல்லுல தொட்டுக்கிட்டே மீட்டரைப் பாரு. நல்ல செல்லு அசையாது. கிழட்டுச் செல்லு சரசரன்னு ஒண்ணுக்குக் கீழ இறங்கிடும். இதைத் தஞ்சாவூர்க் கீழவாசல்ல ஒரு ரேடியோ மெக்கானிக் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். காசு வாங்கல, வெத்தலை மட்டும் வாங்கிக்கிட்டார்.

இப்ப கடைக்குப் போற. போனவுடனே கடைக்காரப் பையன் ரிமோட்டு செல்லை எடுத்து நீட்டுவான். சைஸு ஒண்ணு, குணம் வேற. அது 1.5 வோல்ட், ஒருதரம் தீந்தா தீந்ததுதான். நீ கேக்க வேண்டியது ரீசார்ஜபிள், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 1.2 வோல்ட். அட்டையில எழுதியிருக்கும், கண்ணாடி போட்டுப் படி. இப்ப 1.5 வோல்ட்லயே லித்தியம் போட்டு, முதுகுல யு.எஸ்.பி. ஓட்டை வச்சு ஒண்ணு விக்கிறான். அது நல்ல சரக்குதான், ஆனா நம்ம ஸ்டாண்டுல அதை மாட்டக்கூடாது. அதுக்கு ஆகாரம் வேற.

மேல ஒரு நம்பர் போட்டிருப்பான், 800 எம்.ஏ.எச். அதுதான் செல்லோட மரக்கால், எவ்வளவு கொள்ளும்னு அளவு. இந்த சைஸுல உண்மையான செல்லு ஏழு நூறு, எட்டு நூறு, மிஞ்சிப்போனா ஆயிரம், ஆயிரத்து நூறு. 1800, 2000னு போட்டிருந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு அடுத்த கடைக்கு நட. நாப்பது கிலோ சாக்குல நூறு கிலோ நெல்லு இருக்குன்னு எவனாவது சீட்டு எழுதினா கொள்முதல் நிலையத்துல எடுத்துப்பானா? அங்க 17 ஈரப்பதத்துக்கு மேல அரை பாயிண்டு கூடுனாலே நம்மளைத் திருப்பி அனுப்புறான்.

இன்னொண்ணு, சும்மா கெடந்தாலே சார்ஜ் இறங்குற செல்லு இருக்கு, குதிருல எலி பூந்த மாதிரி. 2005ல ஜப்பான்ல சான்யோ கம்பெனிக்காரன் எனலூப்னு ஒண்ணு கொண்டாந்தான். ஏத்தி வச்சுட்டு ஒரு வருஷம் கழிச்சு எடுத்தாலும் முக்கால்வாசிக்கு மேல அப்படியே இருக்கும். இப்ப எல்லாக் கம்பெனியும் அந்த ரகம் போடுறான். அதைக் கேட்டு வாங்கு, இருபது முப்பது ரூபா கூட ஆனாலும் ஆகட்டும்.

வாங்குறப்ப ரெண்டா வாங்கு. "ஒண்ணு நல்லாத்தானே இருக்கு"ன்னு சிக்கனம் பண்ணாத. எங்கிட்ட கத்துக்கிட்ட ஒரே நல்ல பழக்கம் சிக்கனம், அதை இந்த எடத்துல காட்டாத. ரெண்டு செல்லும் நுகத்தடியில பூட்டின ஜோடி மாடு. ஒண்ணு காளை, ஒண்ணு கிழம்னா என்ன ஆகும்? கிழம் முதல்ல படுத்துடும். காளை அதையும் சேத்து இழுக்கும். செல்லுல இது இன்னும் மோசம். காலியான செல்லு வழியா மத்தது மின்சாரத்தைத் தள்ளுறப்ப, காலியானது தலைகீழாத் திரும்பிக்கும், ப்ளஸ் மைனஸாயிடும். அதோட அது முடிஞ்சது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாள்ல வாங்கினது, அப்படிப் பூட்டு.

போடுறதுக்கு முன்னாடி அந்தச் சுருளைப் பாரு. பச்சையாக் களிம்பு பிடிச்சிருக்கா? வெள்ளையா உப்புப் பூத்திருக்கா? அது செல்லு கசிஞ்சது, காரம். புளிப்பு பட்டா அடங்கும். எலுமிச்சம்பழத்தை ரெண்டு சொட்டு ஒரு குச்சியில பஞ்சு சுத்தித் தொட்டுத் துடை. அப்புறம் ஈரம் போக இன்னொரு தரம் துடை. பழைய உப்புத்தாள் துண்டால ரெண்டு இழுப்பு இழு, பளிச்சுன்னு ஆயிடும். பாதி ஹெட்போனு செத்துப்போச்சுன்னு குப்பைக்குப் போறது இந்தக் களிம்பாலதான். அதுக்கு ஒரு எலுமிச்சம்பழம் போதும். நீ நாலாயிரம் கொடுக்குற. எலுமிச்சம்பழம் என்ன விலைன்னு உங்க அப்பாயியைக் கேளு, அதுவும் இப்ப ஒண்ணும் சும்மா இல்ல.

செல்லைப் போட்டாச்சு, பாட்டு கேக்குது, ஸ்டாண்டுல மாட்டுனா மட்டும் சார்ஜ் ஏறலன்னு வச்சுக்க. அப்ப இது ஒரு கெட்டிக்காரக் கம்பெனி. சில கம்பெனிக்காரன் என்ன பண்றான் தெரியுமா? அவன் விக்கிற செல்லுல மட்டும் அடிப்பக்கம் மேலுறை கொஞ்சம் குட்டையா இருக்கும், தகரம் வெளிய தெரியும். உள்ள பக்கவாட்டுல ஒரு தகடு அந்தத் தகரத்தைத் தொட்டாத்தான் சார்ஜே ஏறும். கடைச் செல்லுக்கு உறை முழுசா இருக்கும், தொடாது. "எங்க செல்லுதான் வாங்கணும்"னு அர்த்தம். அதுக்கு மருந்து இருக்கு. மைனஸ் பக்கம், தட்டையா இருக்குற பக்கம், கூர்கத்தியால உறையை ஒரு மூணு நாலு மில்லிமீட்டர் சுத்தி எடுத்துடு. வாய்க்கால்ல இறங்குறப்ப வேட்டியை மடிச்சுக் கட்டுறோமே, அந்த அளவுதான். முழுசா அவுத்துடாத. ப்ளஸ் பக்கம் மட்டும் கைய வச்சுடாத. செல்லோட உடம்பு முழுக்க மைனஸ்தான், தலையில இருக்குற குமிழ் மட்டும்தான் ப்ளஸ். அந்தப் பக்கம் உறையை உரிச்சா ரெண்டும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கும், கை சுட்டுக்கும்.

மாட்டினதும் முதல் தரம் ராத்திரி முழுக்க விடு. ஸ்டாண்டு 80 மில்லி ஆம்பியர் கொடுக்குதுன்னா 800க்குப் பத்து மணி நேரம்னு கணக்குப் போடுவ. நெல்லை அரைச்சா அத்தனையும் அரிசியாவா வருது? உமி, தவிடு போகத்தானே செய்யும். பதினாலு, பதினாறு மணி நேரம் ஆகும்.

எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுறேனேன்னு நினைக்காத. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு கரண்டே இல்லாம கெடந்தோமே, அப்ப ஹெட்போனுல இருந்த சார்ஜும் போயிடுச்சு. கரண்டு வந்த அன்னிக்கு அவசரத்துல டிரான்சிஸ்டருக்கு வாங்கி வச்சிருந்த ரிமோட்டு செல்லு ரெண்டை இதுல போட்டேன். பாடுச்சு. அதோட விட்டிருக்கலாம். வழக்கம்போல ஸ்டாண்டுல மாட்டிட்டுப் படுத்துட்டேன். நடுராத்திரி புஸ்ஸுன்னு ஒரு சத்தம். பாம்புன்னு உங்க அப்பாயி எழுப்பினா. நான் தடியெடுத்துக்கிட்டு டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னாடி அரை மணி நேரம் தேடினேன். காலையில பாத்தா காது மெத்தை பூரா வெள்ளையா வழிஞ்சு கெடந்துச்சு. தூக்கிப்போடுற செல்லுக்குச் சார்ஜ் ஏத்துனா காத்து அடைச்சுப் பிதுங்கிடும். காதுல மாட்டியிருந்தப்ப நடந்திருந்தா நான் இப்ப உனக்குப் புத்தி சொல்லிக்கிட்டிருக்க மாட்டேன், நீ சொல்றதும் எனக்குக் கேக்காது.

நீ ஆர்டர் போட்டிருக்கியே நாலாயிரம், அதுல என்ன இருக்குன்னு பாத்தியா? தகட்டுப் பை மாதிரி லித்தியம் செல்லு, 3.7 வோல்ட். 1991ல சோனிக்காரன் முதல்ல கடைக்குக் கொண்டாந்த சரக்கு. அதைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2019ல நோபல் பரிசு கொடுத்தாங்க. அதுல குட்இனஃப்னு ஒருத்தருக்கு அப்ப வயசு 97. அவரு வீட்டுல யாரும் போகி கொண்டாடல போல.

லித்தியத்துக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் ஆகாது. அதுக்கு எப்பவும் அரை வயிறு, முக்கா வயிறு. ஒரேயடியாக் காயவும் விடாத, வழியவும் விடாத. அதுவும் மூணு நாலு வருஷத்துல போகும். ஆனா அதை மாத்துறது மெத்தையைத் திருகுற வேலை இல்ல. பசை போட்டு ஒட்டியிருப்பான். செல்லு மேல ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், 402030ன்னு வச்சுக்க. நாலு மில்லிமீட்டர் கனம், இருபது அகலம், முப்பது நீளம்னு அர்த்தம். அந்த அளவுல வாங்கணும். ஒயரை வெட்டுறப்ப ஒண்ணொண்ணா வெட்டு, ரெண்டையும் சேத்து வெட்டினா கத்திரிக்கோலே பொறி பறக்கும். செல்லு உப்பியிருந்தா குத்திப் பாக்குற வேலையே வேண்டாம், தீப்பிடிக்கும். அதுக்கு மெக்கானிக்குதான். காதுக்குள்ள சொருகுற பட்டாணி சைஸு இருக்கே, அதை எந்த மெக்கானிக்கும் தொட யோசிப்பான்.

ஐரோப்பாக்காரன் இதுக்கு ஒரு சட்டமே போட்டிருக்கான். 2027 பிப்ரவரி 18லேருந்து அங்க விக்கிற சாமான்ல பேட்டரியை வாங்குனவனே கழட்டி மாத்துற மாதிரி இருக்கணுமாம். பெரிய சீர்திருத்தம்! எங்க அப்பாரு டார்ச்லைட்டுல அடிமூடியைத் திருகுனா கட்டை ரெண்டும் கையில விழும். அவரு அதுக்குச் சட்டம் ஏதும் படிக்கல.

அவ்வளவு தூரம் ஏன் போறே. இங்கேருந்து புதுக்கோட்டை தாண்டினா காரைக்குடி. அங்க மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. பேட்டரியைத்தான் உரிச்சு உரிச்சுப் பாக்குறாங்க. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்து வந்தது. 1953 ஜனவரி 14 அன்னிக்கு ராதாகிருஷ்ணன் வந்து திறந்து வச்சார். அவங்க ஒரு பொங்கல் சமயத்துல பேட்டரிக்குக் கட்டடம் திறந்தாங்க, நீ ஒரு பொங்கல் சமயத்துல பேட்டரிக்குக் கொள்ளி வைக்கிற. ஜனவரி மாசம் எல்லாருக்கும் பொதுதான்.

கொள்ளின்னதும் ஞாபகம் வருது. இதைச் சிரிக்காமக் கேளு. பழைய காலத்து ஹெட்போனு, கார்ட்லெஸ் போனு, இதுலயெல்லாம் இருந்தது நிக்கல் காட்மியம். 1899ல ஸ்வீடன்காரர் ஒருத்தர் செஞ்சது, நூறு வருஷம் ஓடுச்சு. அந்தக் காட்மியம் இருக்கே, அது விஷம். ஜப்பான்ல ஜின்சூன்னு ஒரு ஆறு, நம்ம ஊரு மாதிரியே ரெண்டு பக்கமும் நெல்லு. மேல கமியோகா சுரங்கம். சுரங்கத்துக் கழிவுல வந்த காட்மியம் ஆத்துல இறங்கி, வாய்க்கால்ல இறங்கி, வயல்ல ஏறி, நெல்லுல ஏறிடுச்சு. அந்தச் சோத்தைத் தின்ன பொம்பளைங்களுக்கு எலும்பு பொடியாச்சு. இருமினா முறியும். "இத்தாய், இத்தாய்"னு கத்துவாங்களாம். வலிக்குது, வலிக்குதுன்னு அர்த்தம். நோய்க்கே அந்தப் பேரு வந்துடுச்சு. 1968ல அந்த நாட்டு அரசாங்கமே சுரங்கக் கழிவாலதான்னு ஒத்துக்கிச்சு.

உன் ரெண்டு செல்லால புது ஆத்துப் பாசனம் கெட்டுடும்னு நான் சொல்லல. இப்ப வர்ற மெட்டல் ஹைட்ரைடுல காட்மியமும் கிடையாது. ஆனா நம்ம வாய்க்கால் மதகுல என்னென்ன மெதக்குதுன்னு மேட்டூர் திறந்து முதல் தண்ணி வர்ற அன்னிக்கு வந்து பாரு. செருப்பு வரும், பாட்டில் வரும், செல்லு மெதக்காது, அடியில போய் உக்காந்துக்கும். போகிக்குக் கொளுத்துனா புகையா வரும், சாம்பலா குப்பைக்குழிக்குப் போவும், அங்கேருந்து எருவோட வயலுக்கு வரும். செல்லு மேல சக்கரம் வச்ச குப்பைத்தொட்டி ஒண்ணு வரைஞ்சு, குறுக்கக் கோடு போட்டிருக்கும். அது அலங்காரம் இல்லடா, குப்பையில போடாதேன்னு அர்த்தம். 2022 ஆகஸ்ட்ல மத்திய சர்க்கார் பேட்டரிக் கழிவுக்குன்னு விதி போட்டு, பழசைத் திருப்பி வாங்குற பொறுப்பைச் செய்யுற கம்பெனி தலையிலேயே கட்டிடுச்சு. நம்ம வேலை கொண்டுபோய்ச் சேக்குறது மட்டும்தான்.

இப்ப நீ ஒண்ணு கேக்கணும். கேக்க மாட்டேங்குற, மரியாதைக்காரப் பிள்ளை. நானே சொல்லிடுறேன். "இவ்வளவு தெரிஞ்ச தாத்தா எட்டு மாசமா ஏன் செல்லை மாத்தல? செத்த ஹெட்போனைத் தினம் ஏன் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு?"

பாட்டு கேட்டப்ப எனக்கு பாட்டுதான் கேட்டுச்சு. செல்லு செத்த பிறகுதான்டா ஊரே கேட்டுச்சு. ஹெட்போன் மாட்டுன கிழவன் பக்கத்துல எல்லாரும் தாராளமாப் பேசுறாங்க. உங்க சித்தப்பன் வடக்குத் தெரு ஆளுகிட்ட நம்ம மேட்டுக்கொல்லைக்கு விலை பேசுனான், மூணடி தள்ளி நின்னு. நான் தாளம் போட்டுக்கிட்டே கேட்டேன். மறுநாளே பத்திரத்தைப் பெட்டி மாத்தி வச்சேன். உங்க அப்பாயி என்னைப் பத்தி எதுத்த வீட்டுல சொன்னதெல்லாம் இருக்கு, அது இங்க வேண்டாம். நீ தீபாவளிக்கு வந்தப்ப மாட்டுக்கொட்டாயில நின்னுக்கிட்டு ஒரு மணி நேரம் போன்ல பேசுன பாரு… அந்தப் பொண்ணுக்குக் கும்பகோணம் பக்கமா? பேரு நல்லாருக்கு. நான் ஒண்ணும் கேக்கலப்பா. என் காதுலதான் ஹெட்போன் இருந்துச்சே.

இப்ப மாத்தச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. திருவையாத்துல ஆராதனை வருது. பகுள பஞ்சமி அன்னிக்குப் பஞ்சரத்னம் பாடுறதை டி.வி.யில காட்டுவான். அதை உங்க அப்பாயி மிக்ஸி போடுற சத்தத்துல கேக்க என்னால ஆவாது.

அதனால, அந்த ஆர்டரைக் கேன்சல் பண்ணு. சாயங்காலம் தஞ்சாவூர் போறப்ப ஒரு ஜோடி செல்லு வாங்கியா, காசு நான் தர்றேன். பழசு ரெண்டையும் முனையில டேப்பு ஒட்டி ஊறுகா பாட்டில்ல போட்டு வைக்கிறேன். மெட்ராஸ் போறப்ப எடுத்துட்டுப் போய், பழைய பேட்டரி வாங்குற எடத்துல கொடுத்துடு. வழியில ஆத்துப் பாலத்துலேருந்து வீசுனா எனக்குத் தெரிஞ்சுடும். பஞ்சமி அன்னிக்குக் காலையில யாரும் என்னைக் கூப்பிடாதீங்க, நிஜமாவே கேக்காது.